இருபது நிமிடம் அணிந்த சட்டை

பதிவு மேசையில் முதன்முறையாக உட்காரப்போகும் இளம் நண்பர்களுக்கு,

விதிப்புத்தகத்தை நீங்கள் படித்து முடித்துவிட்டதாக அறிகிறேன். நல்லது. ஒரு வீரர் எந்த நாட்டுக்காகக் கடலில் இறங்கலாம், எப்போது இறங்கக் கூடாது என்பதை அது தெளிவாகவே சொல்கிறது. பிறந்த நாடு ஒன்றும் கடவுச்சீட்டு வேறொன்றுமாக இருப்பவர்களைப் பற்றி அதில் தனி அதிகாரமே உண்டு. நான் சட்டக் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்தியவன். ஓய்வுக்கு முன்னும் பின்னுமாகப் பதினொரு ஆண்டுகள் நம் அலைச்சறுக்குச் சங்கத்தில் தகுதிப் பதிவாளராக இருந்தவன். அந்த அதிகாரத்தை என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும். அப்படிச் சொல்ல முடிந்த காலத்தில்தான் அதன் முன்னே தவறி விழுந்தேன். அந்த ஒரு நிகழ்வைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். என் மனைவி இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள். படித்துத் திருத்த ஆள் இல்லாததால் தள்ளிக்கொண்டே போயிற்று. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமல்லபுரம் கடற்கரையில் நம் சங்கம் ஒரு சிறிய அழைப்புப் போட்டி நடத்தியது. அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்து மூன்று அணிகள் வந்திருந்தன. பெண்கள் பிரிவில் ஒவ்வொரு அணிக்கும் மூவர் வேண்டும்; ஒருவர் குறைந்தாலும் அணி முழுவதும் விலக்கப்படும். காலை எட்டரை மணிக்கு நம் பெண்களில் ஒருத்தி பாறையில் ஒட்டியிருந்த சிப்பியில் பாதத்தைக் கிழித்துக்கொண்டாள். பட்டியலை ஒன்பது மணிக்குள் நான் ஒப்படைக்க வேண்டும். போட்டியை நடத்தும் நாடே தன் கடற்கரையில் விலக்கப்படுவது எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று சங்கத் தலைவர் என் காதருகே மூன்று முறை சொல்லிவிட்டார்.

அப்போது தாஸ் வந்தார். கடப்பாக்கத்தில் பிறந்தவர், மாமல்லபுரத்தில் பலகைகளை வாடகைக்கு விடும் கொட்டகை வைத்திருப்பவர். எங்கள் போட்டிகளுக்கு உதிரிப் பலகைகள் அவரிடமிருந்துதான் வரும்.

"இன்னா சார், ஆள் கொறையுதா? நம்ம ரோஸி கீறா, போட்டுக்கோ."

"யாரு ரோஸி?"

"எங்க அக்கா பொண்ணு சார். அயர்லாந்துலேர்ந்து லீவுக்கு வந்துகீது. அங்க ஐஸ் தண்ணியில ஆடுது. இந்தக் கடலு அதுக்கு வெந்நி மாரி."

ரோஸ்லினுக்கு அப்போது பதினாறு வயது. அவளுடைய தாத்தா காலம் வரை அந்தக் குடும்பம் பிறர் நிலத்தில் நாற்று நட்டது. தாய் ஸ்டெல்லா நர்சிங் படித்து, அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பெற்று, ஏழு வயது மகளைத் தன்னோடு அழைத்துச் சென்றவர். தாஸ் ஓடிப்போய்க் கடவுச்சீட்டை எடுத்து வந்தார். இந்தியக் கடவுச்சீட்டு. பிறந்த இடம் கடப்பாக்கம். சட்டப்படி ஒரு குறையும் இல்லை. எட்டு ஐம்பத்திரண்டுக்கு அவள் பெயரை எழுதினேன்.

"ஜெயிக்கணுமா சார்?" என்று கேட்டாள். விளையாட்டாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"வேணாம்மா. தண்ணியில இருந்தா போதும்."

"நீ ஒப்புக்குச் சப்பாணிமே," என்றார் தாஸ். "போய் நனைஞ்சிட்டு வா."

நெஞ்சில் நாட்டின் பெயர் அச்சிட்ட நீலச் சட்டையைக் கொடுத்தோம். சுற்று இருபது நிமிடம். நால்வரில் நான்காவதாக வந்தாள். ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்து என் மேசை மேல் வைத்துவிட்டு, மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்க் கீற்றுகளை வாங்கிக்கொண்டு மாமனோடு போய்விட்டாள். எங்கள் அணி விலக்கப்படவில்லை. தலைவர் என் முதுகில் தட்டினார்.

இப்படிப் பெயர் நிரப்புவதை நம் தொழிலில் செய்யாதவர் மிகச் சிலர். நிரப்பிய பெயர் மறுநாள் நம் நினைவில் இருப்பதில்லை. விதியின் நினைவில் இருக்கும். அயல்நாட்டு அணி பங்கேற்கும் போட்டியில் ஒரு நாட்டின் பட்டியலில் பெயர் ஏறி, ஒரே ஒரு சுற்றுக்கேனும் தண்ணீரில் இறங்கியவர் அந்த நாட்டின் பிரதிநிதி. பிறகு வேறு நாட்டுக்காக இறங்க வேண்டுமானால் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அல்லது இரு நாட்டுச் சங்கங்களும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். இருபது நிமிடம் ஆடியவருக்கும் இருபது ஆண்டு ஆடியவருக்கும் அதில் வேறுபாடு கிடையாது. இதை நான் அறிவேன். ஏழு வயதிலிருந்து வேறொரு நாட்டில் வளரும் பெண் நாளை எந்த நாட்டின் சட்டையைப் போட விரும்புவாள் என்று அந்த எட்டு நிமிடத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கடற்கரைக்குப் பெரிய போட்டி ஒன்று வந்தது. பல நாட்டு அணிகள். அயல்நாட்டவர் மூவர் அடங்கிய தகுதிக் குழு. நான் உள்ளூர்ப் பதிவாளர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியின் கூடத்தில் மேசை. பதிவு முடிய ஒன்றரை நாள் இருக்கும்போது, முற்பகல் பதினொரு மணி அளவில் அயர்லாந்து அணி வந்தது. வரிசையில் ஐந்தாவதாக ரோஸ்லின். வளர்ந்திருந்தாள். தாயும் மகளும் சென்ற ஆண்டு அந்நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தார்கள்.

"சார், என்ன ஞாபகம் கீதா?" என்றாள். அணித்தோழிகள் அந்த மொழியைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஞாபகம் இருந்தது. அவளுடைய முகம் வந்தது. அதன் பின்னாலேயே அந்த நீலச் சட்டையும் வந்தது. படிவத்தைப் பார்த்தேன். 'இதற்கு முன் வேறு நாட்டின் சார்பில் போட்டியிட்டதுண்டா?' என்ற கேள்விக்கு எதிரே 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. ஒரு விடுமுறைக் காலையில் மாமன் சொன்னதற்காக நனைந்துவிட்டு வந்தது அவளுக்கு ஒரு நாட்டின் பிரதிநிதித்துவமாகத் தோன்றியிராது. அந்த அழைப்புப் போட்டியின் முடிவுகள் இணையத்தில் ஏறவே இல்லை. ஒரு பிரதி சங்கத்தின் அலமாரியில், கரையான் அரித்ததோ என்னவோ. இன்னொரு பிரதி என் வீட்டு பீரோவில். அந்தக் கூடத்தில் இதை அறிந்தவன் நான் ஒருவன்.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் படிவத்தை மற்றப் படிவங்களுக்கு அடியில் வைத்தேன்.

அன்று பிற்பகல் முழுவதும் மேசையை விட்டு எழவில்லை. ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். கடவுச்சீட்டு எண்களைச் சரிபார்த்தேன். ஒரு எண்ணை இரண்டு முறை தவறாக எழுதி அடித்தேன். என் காரணங்கள் ஒழுங்காகவே இருந்தன. நான் பேசினால் அவள் இந்தப் போட்டியை இழப்பாள். பேசாவிட்டால் யாருக்கும் தெரியாது. தவறு என்னுடையது, தண்டனை அவளுக்கு எதற்கு? ஆனால் யாராவது ஒருவர், தோற்ற அணியிலிருந்து ஒருவர், பழைய புகைப்படம் ஒன்றைக் கண்டெடுத்தால்? அவள் வென்றவை அனைத்தும் நீக்கப்படும். பொய் உறுதிமொழி கொடுத்தாள் என்று தடை வரும். பதினெட்டு வயதில் வாங்கும் அந்தப் பெயர் கடைசி வரை கூடவே வரும். கூடத்தின் கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன்.

மாலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டில் வீட்டுக்குப் போனபோது என் மனைவி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கைகூடக் கழுவாமல் நின்றபடியே சொன்னேன்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

"எனக்கு மட்டும்தான்."

"இப்ப எனக்கும். அந்தப் பொண்ணுக்கு?"

"அவளுக்கு இது ஒரு விஷயம்னே தெரியாது."

கீரைத்தண்டை ஒடிப்பதை நிறுத்தினாள். "அப்ப அவ தலைக்கு மேல ஒரு கல்லத் தொங்க விட்டிருக்கீங்க. அது எப்ப விழும்னு நீங்க அண்ணாந்து பாத்துனு இருக்கீங்க. அவ குனிஞ்சி வெளையாடினு இருக்கா. இதுக்குப் பேரு நல்லது பண்றதா?"

"சொன்னா நாளைக்கே அவ ஆட முடியாமப் போகலாம்."

"போகலாம். அத அவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது?"

சட்டத்தில் இதற்கு நீண்ட பெயர் உண்டு: ஒருவரைப் பாதிக்கும் செய்தியை அவருக்குத் தெரிவிக்காமல் அவர் சார்பில் முடிவெடுக்கக் கூடாது. அந்தப் பாடத்தை நான் ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். பீரோவைத் திறந்து பழைய முடிவுத்தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு தாஸின் கொட்டகைக்குப் போனேன். ரோஸ்லின் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தாள். தாஸ் டீ வாங்கிக் கொடுத்தார். வாங்கிப் பலகை ஓரமாக வைத்தேன். நின்ற நிலையில் சொல்லி முடித்தேன்.

முதலில் வெடித்தது தாஸ்தான். "இன்னா சார் நீ? நீ தான அன்னிக்கு சரின்ன? நீ தான கையால எழுதன? இப்ப நீயே வந்து கேஸ் போடறியா?"

"கேஸ் இல்ல தாஸ். மறைச்சா பின்னால..."

"பின்னாலயாவது முன்னாலயாவது! அந்தப் பேப்பரு எங்க கீது?"

"பையில."

"குடு இங்க. கிழிச்சிக் கடல்ல போட்டுட்டு நாஸ்தா துன்னப் போலாம். கடலு இன்னா, சாட்சி சொல்லவா போவுது? எங்க அக்கா லீவு போட்டு பிளைட்டு புடிச்சி வந்துகினு கீது சார். நாளைக்கு காலைல எறங்குது. அதுகிட்ட நான் இன்னா சொல்வேன்? பேஜாரு சார் உன்னோட."

"மாமா, சும்மாரு," என்றாள் ரோஸ்லின். மெழுகுக் கட்டியை மணலில் வைத்தாள். "சார், 'இல்ல'ன்னு நான் எழுதனது பொய்யா?"

"எழுதறப்ப பொய் இல்லம்மா. நான் சொன்னப்புறமும் அப்படியே விட்டா பொய்."

விரலில் ஒட்டிய மெழுகைத் தேய்த்து எடுத்தாள். "நேத்தே ஏன் சொல்லல?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நன்றாகக் கட்டப்பட்ட பதில் ஒன்று இருந்தது. அதைச் சொல்லவில்லை. "பயமா இருந்தது," என்றேன்.

"எனக்கும் இப்ப பயமா தான் கீது," என்றாள். "வாங்க, போலாம்."

எட்டரை மணிக்குத் தகுதிக் குழுவின் முன் அவள் படிவத்தைத் திருத்தினாள். 'ஆம்' என்று குறியிட்டதும் கீழே இன்னும் இரண்டு கட்டங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். எந்த நாடு? இந்தியா என்று எழுதினாள். எவ்வளவு காலம்? என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நடந்தத எழுது," என்றேன்.

'இருபது நிமிடம்' என்று எழுதினாள். குழுத் தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

என் வாக்குமூலத்தை அதனுடன் இணைத்தேன். அணியின் எண்ணிக்கையை நிரப்புவதற்காக, விளைவை எடுத்துச் சொல்லாமல், சிறுவயதுப் பெண் ஒருத்தியின் பெயரைச் சேர்த்தது நான். நேற்று இது தெரிந்தும் ஒரு நாள் மறைத்ததும் நான். இரண்டே பத்திகள். குழு கூடிப் பதினொரு மணிக்கு முடிவு சொன்னது. அவளுடைய திருத்தத்தை நேர்மையானதாக ஏற்கிறார்கள். ஆனால் விதி விதிதான். இரு சங்கங்களின் சம்மதக் கடிதங்களும் இன்று மாலை ஆறு மணிக்குள் மேசைக்கு வந்தால் அவள் பெயர் இருக்கும்; வராவிட்டால் நீக்கப்படும். அதன் பிறகு குழுத் தலைவர் என் பக்கம் கையை நீட்டினார், கழுத்திலிருந்த அட்டைக்காக. கழற்றிக் கொடுத்தேன். அயர்லாந்து அணியின் மேலாளர் கால் மணி நேரத்தில் தங்கள் சங்கத்தின் கடிதத்தைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மையார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மீதி இருந்தது நம் தலைவரின் கையெழுத்து. லாரித் தொழில் செய்பவர்; பொத்தேரியில் மாணவிகள் விடுதி ஒன்றும் நடத்தினார். தொலைபேசியில் அழைத்தேன். "இது போன்ல பேசற விஷயமா வாத்யாரே? நேர்ல வா," என்று வைத்துவிட்டார். என் காரில் தாஸையும் ரோஸ்லினையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டினோம். செங்கல்பட்டுக்கு அப்பால் தாம்பரம் போகும் சாலையில் லாரிகள் நின்றுபோயிருந்தன. ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் ரோஸ்லின் கைபேசியில் மணி பார்த்தாள். நான் கண்ணாடியில் அவள் பார்ப்பதைப் பார்த்தேன். பொத்தேரியை அடைந்தபோது மணி இரண்டே கால்.

தலைவர் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் சமையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "யோவ், இது சாம்பாரா? பருப்ப வலை போட்டு தேட சொல்றியா?" எங்களைக் கண்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு வந்தார்.

நான் எட்டு நிமிடம் பேசினேன். விதியின் நோக்கம், முன்னுதாரணங்கள், சிறுவயதினரின் சம்மதம் எவ்வளவு செல்லும் என்பது. வகுப்பறையில் பேசியிருந்தால் நல்ல உரை.

"முடிச்சிட்டியா?" என்றார். "இங்க பொறந்தவ. இங்க ஆடனவ. நான் கையெழுத்து போட்டா, நாளைக்கு நம்ம தண்ணியிலயே நம்ம பொண்ணுங்கள கவுப்பா. என்ன கேணயன்னு நெனச்சியா வாத்யாரே? இன்னும் ஒரு வருசம் கையெழுத்து போடாம வச்சினு இருந்தா, தானா நம்ம பக்கம் வருவா."

"வர மாட்டா. அந்த ஒரு வருசம் சும்மா கெடப்பா. அவ்வளவுதான்."

அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "ஏம்மா, உனுக்கு எந்த ஊரு?"

"கடப்பாக்கம் சார்."

"கோட்ட கீற எடம் தான? பாரு, நம்ம பொண்ணு. அப்பறம் இன்னாத்துக்கு அவனுங்க கொடிய தூக்கினு வர?"

அவளுடைய தமிழ் ஏழு வயதில் எடுத்துச் சென்ற தமிழ். மாமனோடு பேசி உயிரோடு வைத்திருந்தாள். சில இடங்களில் சொல்லுக்காகத் தேடி நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"நான் அங்க தான் சார் ஆடக் கத்துக்கினேன். ஸ்கூலுக்கு முன்ன, இருட்டு போறதுக்குள்ள, சொல்லிக் குடுக்கற ஒரு அம்மா தெனம் காரு எடுத்தாந்து கூட்டினு போவாங்க. மழையில நின்னுகினு இருப்பாங்க. போன வருசம் தோளு எறங்கிச்சி. ஆறு மாசம் அவங்க தான் பாத்துக்கினாங்க. நீங்க ஒரு நாளு கூப்டீங்க. வந்தேன். அதுக்கு அப்பறம் யாரும் கூப்டல சார்."

"நீ எங்கியோ கீற. எங்க போய் தேடறது?"

"மாமா கொட்டா நீங்க போட்டி நடத்துற எடத்துலேர்ந்து நூறு அடி சார்."

தாஸ் அதுவரை கைகட்டி நின்றிருந்தார். "அண்ணாத்த, உங்க எல்லா டோர்னமெண்ட்டுக்கும் போர்டு குடுக்கறது நான் தான். எடுக்கறப்ப ஒரு தபா, 'ஏன்டா தாஸு, அந்தப் பொண்ணு எப்படி கீது'ன்னு கேட்டிருந்தா கூட நான் சொல்லிருப்பேன்."

தலைவர் என்னைப் பார்த்தார். "ஒரு லெட்டரு கூடவா போடல வாத்யாரே?"

"போடல."

"நீ போடலியா, நான் போடலியா?"

"ரெண்டு பேரும்."

சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார். "லெட்டர் பேடும் சீலும் செங்கல்பட்டு ஆபீஸ்ல கீது. எந்திரி, போலாம். மணி ஆவுது."

திரும்பி வரும் வழியில் சிங்கப்பெருமாள்கோயில் அருகே நாற்பது நிமிடம் நின்றோம். முன்னால் ஒரு லாரியின் அச்சு முறிந்திருந்தது. தலைவர் கண்ணாடியை இறக்கி அந்த லாரிக்காரரைத் தொழில்முறையில் திட்டினார். அதுவும் நேரத்தைத்தான் தின்றது. செங்கல்பட்டில் அவருடைய அலுவலகத்துக்குள் நுழையும்போது நான்கே முக்கால். கடிதத்தை நான் எழுதினேன். தேதியைத் தவறாக எழுதியதால் முதல் தாளைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. சீல் மைப்பெட்டி வறண்டிருந்தது. தலைவர் குடிதண்ணீர் டம்ளரிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, சீலை அழுத்தித் தேய்த்து, தன் உள்ளங்கையில் ஒரு முறை குத்திப் பார்த்துவிட்டுக் கடிதத்தில் குத்தினார். பிறகு கையெழுத்திட்டார்.

பதிவு மேசை இருந்த விடுதியின் வாசலை அடைந்தபோது ஐந்து ஐம்பத்து நான்கு. என்னிடம் அட்டை இல்லை. காவலர் உள்ளே விடவில்லை. முந்தின நாள் வரை எனக்கு எழுந்து நின்றவர்தான். அவர் கடமையைச் செய்தார். கடிதத்தை ரோஸ்லினிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். பலகைக்காரருக்கான அட்டையைக் காட்டிவிட்டுத் தாஸும் பின்னாலேயே போனார்.

வாசலில் நின்ற அந்த நேரம்தான் என் பணிக்காலத்தின் மிக நீண்ட நேரம். பதினொரு ஆண்டுகள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பக்கம் நிற்பவர்களின் வயிறு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆறு மணி ஆயிற்று. ஆறு ஐந்து ஆயிற்று. தலைவர் புழுக்கத்தைப் பற்றி ஏதோ சொன்னார். உள்ளேயிருந்து தாஸ் வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வாங்கிக்கினாங்க சார்," என்றார். "பேரு கீது." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "உம்மேல கோவம் அப்படியே தான் கீது. அத சொல்லிட்டேன்."

"இருக்கட்டும் தாஸ்," என்றேன்.

அத்தோடு என் பதிவாளர் பணி முடிந்தது. யாரும் என்னை நீக்கவில்லை. திரும்ப அழைக்கவும் இல்லை. சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது மிகக் குறைவு. படிவத்தில் இருக்கும் கேள்வியை நம்பாதீர்கள். 'சார்பில்', 'பிரதிநிதி' என்ற சொற்கள் பதினெட்டு வயதுக்காரருக்கு எதையும் நினைவூட்டுவதில்லை. வீரரின் கண்ணைப் பார்த்து வாயால் கேளுங்கள்: "எப்போதாவது, ஒரு நாளாவது, வேற நாட்டுச் சட்டையப் போட்டுக்கிட்டுத் தண்ணியில இறங்கினதுண்டா?" சட்டை என்றால் எல்லாருக்கும் நினைவு வரும். எண்ணிக்கைக்காக ஒரு பெயரைச் சேர்க்கச் சொல்லி உங்கள் தலைவர் காதருகே நின்றால், அணி விலக்கப்பட்டாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். எனக்கு அது அன்று இல்லை. ஒருவரைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியவந்தால், அன்றைய பொழுது சாயும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஓர் இரவு காத்திருந்த நான் அவளுடைய நேரத்தில் பாதியை எடுத்துக்கொண்டேன். சாலையில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பாதியிலிருந்து போனது. பிறந்த மண்ணைக் காட்டி ஒருவரைப் பிடித்து நிறுத்துவதற்கு முன், இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை நாம் எத்தனை முறை நலம் விசாரித்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

போட்டி தொடங்கிய காலையில் கயிற்றுக்கு வெளியே பொதுமக்களோடு நின்றேன். என் மனைவியும் வந்திருந்தாள். பதினொரு ஆண்டுகளில் ஒரு போட்டிக்குக்கூட நான் அவளை அழைத்து வந்ததில்லை. அன்று அவளே புடவையை மாற்றிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். எங்களுக்குச் சற்றுத் தள்ளி ஸ்டெல்லா, விமானத்தில் வந்த களைப்போடு, தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அருகே போகவில்லை.

நான்கு பெண்கள் நீந்திப் போய்த் தொலைவில் அலைக்காகக் காத்திருந்தார்கள். எதிர்வெயிலில் நான்கும் கரும்புள்ளிகள். சட்டையின் நிறம் தெரியவில்லை. அத்தனை ஆண்டுகள் அந்தக் கரையில் இருந்தும் எந்தப் புள்ளி ரோஸ்லின் என்று எனக்குத் தெரியவில்லை.

"அதோ, அவதான்," என்றாள் என் மனைவி. இடப்பக்கத்துக் கடைசிப் புள்ளியைக் காட்டினாள்.

அவள் ரோஸ்லினை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அந்தப் புள்ளி எழுந்து நின்று, அலையின் முகத்தில் சரிந்து, நெடுந்தொலைவு வந்தது. ஒலிபெருக்கி பெயரைச் சொன்னது. அவள்தான். அந்தச் சுற்றில் இரண்டாவதாக வந்து அடுத்த சுற்றுக்குப் போனாள். அதற்கடுத்த சுற்றில் தோற்றாள்.

எப்படி அடையாளம் தெரிந்தது என்று கேட்க என் மனைவியின் பக்கம் திரும்பினேன். அவள் நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த அலை எழுந்துகொண்டிருந்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.